நூல் மக்கும் காலம்

"காதைத் தொட்டுப் பாருங்கள்" என்றார் சென்செய், எங்கள் ஆசிரியர். எங்கள் கைகள் மணிக்கட்டுவரை கரிய சேற்றில் இருந்தன. மேசையைச் சுற்றி ஒன்பது பேர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற பெண்மணிகள். வெளிநாட்டான் நான் ஒருவன்தான். ஐம்பதைத் தாண்டாதவனும் நான் ஒருவன்தான். யாரும் தயங்கவில்லை. சேற்றுக் கையோடு காது மடலைப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி மண்ணைப் பிசைந்தார்கள். மண் காது மடலின் பதத்துக்கு வரவேண்டுமாம். அதைவிட இளகினால் உருண்டை உட்கார்ந்துவிடும், இறுகினால் வேர் உள்ளே போகாது. ஜப்பானியச் சமையலறையில் அரிசிமாவு உருண்டைக்கும் இதே பதத்தைத்தான் சொல்வார்கள் என்று பக்கத்திலிருந்தவர் விளக்கினார். எனக்குக் காது தேவைப்படவில்லை. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை மாவு பிசைந்த வீட்டில் வளர்ந்தவன் நான். விரலில் ஒட்டக்கூடாது, சொப்பு செய்தால் விளிம்பு வெடிக்கக்கூடாது என்பாள் அம்மா. ஆனாலும் மரியாதைக்குக் காதைத் தொட்டுவைத்தேன். அன்று மாலை ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த குழந்தை இறங்கும்வரை என் காதையே பார்த்துக்கொண்டு வந்தது.

தோக்கியோவில் எதோகாவா வட்டாரத்தின் நிஷிகசாயில் அப்போது குடியிருந்தேன். கணினி வேலைக்கு வந்த இந்தியர்கள் நிறையப் பேர் வசிக்கிற இடம். கறிவேப்பிலை கிடைக்கும், தீபாவளி கொண்டாடுவார்கள். வேலை நாள்களில் கையால் நான் செய்த ஒரே காரியம் விசைப்பலகையைத் தட்டுவது. சமூகக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில் 'கொக்கெடாமா' என்று பார்த்ததும் அது என்னவென்றே தெரியாமல் பெயர் கொடுத்தேன். கொக்கே என்றால் பாசி. தாமா என்றால் உருண்டை. ஒரு செடியைச் சட்டியிலிருந்து எடுத்து, வேரைச் சுற்றி மண்ணை உருட்டி, அதன்மேல் பாசியைப் போர்த்தி நூலால் கட்டுவது. சொல்லிமுடிக்க இவ்வளவுதான்.

மண் இரண்டு வகை. கெத்தோ என்பது சதுப்பு நிலங்களில் நாணலும் கோரையும் தண்ணீருக்கடியில் காலங்காலமாக மக்கிப் படிந்த கறுப்பு மண். களிமண்ணைப்போல ஒட்டும், மே மாதத்தில் வற்றுகிற கண்மாயின் வாசம் அடிக்கும். அக்கடாமா என்பது காந்தோ சமவெளியில் எரிமலைச் சாம்பல் விழுந்து உண்டான செம்மண்ணை உலர்த்திச் சலித்தெடுத்த மணிகள். போன்சாய்க்காரர்களின் உப்பும் புளியும் அது. கெத்தோ ஏழு பங்கு, அக்கடாமா மூன்று பங்கு. கெத்தோ பிடித்து வைக்கும், அக்கடாமா இடைவெளி விடும். ஏழும் மூன்றும் வேதவாக்கில்லை, அவரவர் கைக்கு மாறும் என்பது பிறகு தெரிந்தது. ஈரம் பிடிக்காத செடி என்றால் சென்செய் அக்கடாமாவைக் கூடுதலாக ஒரு பிடி அள்ளிப் போடுவார்.

எனக்கு வந்தது ஒரு சாண் உயர மொமிஜிக் கன்று. ஜப்பானிய மேப்பிள். நாற்றுத் தட்டிலிருந்து அதை எடுத்து, பழைய மண்ணை மூங்கில் குச்சியால் மெல்ல உதிர்த்தபோது வேர் தலைமுடியைப்போலச் சிக்கலாகத் தொங்கியது. அதன் நடுவில் மண்ணை வைத்து, வெளியே மண்ணைப் பூசி, இரண்டு உள்ளங்கைக்குள் சுழற்றிச் சுழற்றிச் சாத்துக்குடி அளவுக்குக் கொண்டுவந்தேன். பாசி ஹைகொக்கே என்ற வகை. மண்ணில் கொடியாகப் படர்ந்து கம்பளம்போல எழுந்துவரும். பயிரிடாத நெல்வயல்களில் இதை வளர்த்துத் தட்டுத்தட்டாக விற்கிறார்கள். மலையிலிருந்து பெயர்த்து வராதீர்கள் என்பதைச் சென்செய் இரண்டுமுறை சொன்னார். தேசியப் பூங்காக்களில் கடுமையாகப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் பாசியைப் பெயர்ப்பதே குற்றம். தட்டிலிருந்து உரித்த பாசியின் அடியில் பழுத்துப்போன பழுப்பு நிறப் பகுதியைக் கத்தரியால் சீவி, தண்ணீர் தெளித்து, உருண்டைமேல் போர்த்தவேண்டும். பூரணத்தின்மேல் மாவை இழுத்து மூடுகிற அதே விரல்வேலை. கன்றின் அடித்தண்டைப் பாசி மூடக்கூடாது. மூடினால் தண்டு அழுகும்.

பிறகு நூல். கறுப்புப் பருத்தி நூலால், ஒரே திசையில் போகாமல், நூற்கண்டு சுற்றுவதுபோல எல்லாத் திசையிலும் இருபது முப்பது சுற்று. இழுத்துக் கட்டினால் பாசி அமுங்கிச் செத்துவிடும், தளர்ந்தால் மண்ணை விட்டு எழும்பி உலரும். முடிச்சைச் சாமணத்தால் பாசிக்குள் செருகிவிட்டால் நூல் இருப்பதே தெரியாது. என் எதிரே இருந்த பெண்மணி மீன் பிடிக்கிறவர் வீட்டுக்காரர். பையிலிருந்து நைலான் நூலை எடுத்து, இது கண்ணுக்கே தெரியாதே, அறவும் அறாதே, இதில் கட்டலாமா என்று கேட்டார். சென்செய் சற்று யோசித்தார். "கட்டலாம். நிறையப் பேர் கட்டுகிறார்கள். ஆனால் நான் பருத்தியில்தான் கட்டுவேன். நூல் போகவேண்டும்."

போகவேண்டும் என்றுதான் சொன்னார். போகும் என்று சொல்லவில்லை. என் ஜப்பானிய மொழியறிவு அரைகுறை; தவறாகக் கேட்டுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அதன் பொருள் சில மாதம் கழித்து ஓமியாவில் புரிந்தது. தோக்கியோவுக்கு வடக்கே, சாய்தாமாவில் இருக்கிறது அந்த போன்சாய் கிராமம். 1923 நிலநடுக்கத்தில் நகரம் தரைமட்டமான பிறகு, நல்ல காற்றும் தண்ணீரும் மண்ணும் தேடிப் போன தோட்டக்காரர்கள் 1925இல் உண்டாக்கிய இடம். அங்கே ஒரு தோட்டத்தில், கறுப்புப் பலகைமேல் சட்டியே இல்லாமல் ஒரு மரம் நின்றுகொண்டிருந்தது. அடியில் மண் சட்டியின் வடிவத்திலேயே இருந்தது. விளிம்பின் வளைவுகூட அப்படியே. சட்டியை மட்டும் யாரோ உருவிக்கொண்டு போனதுபோல இருந்தது. இதற்கு நெயராய் என்று பெயர். வேரைக் கழுவுதல் என்று பொருள். ஒரு மரமோ புல்லோ பல ஆண்டு ஒரே சட்டியில் இருந்தால் வேர் சுற்றிச் சுற்றி மண்ணையெல்லாம் தன்னுள் கட்டிவிடும். அப்போது சட்டியை நீக்கி, மேல்மண்ணைக் கழுவி, வேரும் மண்ணும் ஒன்றான அந்தக் கட்டியை வெறுமனே வைக்கலாம். அதன்மேல் பாசி தானாக ஏறும். அந்த மரத்தைச் சட்டி தாங்கியது முன்பு. இப்போது அது தன்னைத் தானே தாங்குகிறது.

கொக்கெடாமா இதன் வழியில் வந்தது. இதன் குறுக்குவழி என்றும் சொல்லலாம். பத்தாண்டில் வேர் செய்யவேண்டியதை நாம் ஒரு மதியத்தில் நூலால் செய்துவிடுகிறோம். மலிவானது, சிறியது, அடுக்குமாடி வீட்டின் பால்கனிக்குப் பொருந்துவது. 1990களிலிருந்து ஜப்பானில் இது பரவலானதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. முதுமையைப் போலி செய்கிற காரியம் என்று ஒரு பழைய போன்சாய்க்காரர் முகத்தைச் சுளித்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் பருத்தி நூலில் கட்டினால் ஒரு தவணை கிடைக்கிறது. ஈரத்திலேயே கிடக்கிற நூல் ஓராண்டிலோ ஒன்றரை ஆண்டிலோ மக்கிவிடும். அதற்குள் வேர் பரவி மண்ணைப் பிடித்திருக்கவேண்டும், பாசியும் மண்ணோடு ஒட்டியிருக்கவேண்டும். பிடித்திருந்தால் உருண்டை நிற்கும். இல்லாவிட்டால் ஒரு காலையில் தட்டில் சேறும் பக்கத்தில் சாய்ந்த கன்றும் கிடக்கும். நைலானில் கட்டினால் இந்தப் பரீட்சையே நடக்காது. அது எப்போதும் கட்டிய பொட்டலமாகவே இருந்துவிடும். இதை எழுதும்போது முதுமையிலும் குறையிலும் அழகு காண்பதைக் குறிக்கும் வாபி-சாபி என்ற சொல் நாவின் நுனிவரை வருகிறது. சென்செய் இரண்டு ஆண்டில் ஒருதரம்கூட அந்தச் சொல்லை உச்சரித்ததில்லை என்பதால் நானும் விழுங்கிக்கொள்கிறேன்.

பாசி என்று எழுதிக்கொண்டே போகிறேன். தமிழில் இந்தச் சொல் கொஞ்சம் வழுக்குகிறது. குளத்தில் மிதப்பதும் பாசி, மழைக்காலத்துக் கைப்பிடிச்சுவரில் வெல்வெட்டுபோல முளைப்பதும் பாசி. குறுந்தொகையின் 399ஆம் பாட்டில் பரணர் காதலியின் பசலைக்கு உவமை சொன்னது முதல் வகை. ஊரார் நீர் மொள்ளும் துறையில் கை பட்டால் விலகி, கை எடுத்தால் மூடிக்கொள்வது. இரண்டாவது வகைக்குப் பள்ளிக்கூடத் தாவரவியல் மாஸ் என்று ஆங்கிலத்தையே வைத்துக்கொண்டது. ஃபுனேரியா படம் வரைந்து பாகம் குறித்ததோடு அதற்கும் நமக்கும் உறவு முடிந்தது. எங்கள் வீட்டு மாடியில் ஐப்பசியில் அது முளைத்தால் கார்த்திகையில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பார்கள். யாரும் வழுக்கி விழக்கூடாதே. ஜப்பானியச் சொல்லும் அப்படியொன்றும் கறாரானதில்லை. மரப்பட்டையில் படரும் லைக்கனுக்கும் கொக்கே என்று பெயர் உண்டு. பூச்சி தின்னும் பனித்துளிச் செடிகூட அங்கே ஒரு கொக்கேதான். ஆனால் வழுக்கும் என்பதற்குப் பதிலாக வேறெதையோ அந்தச் சொல்லில் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். நாட்டுப்பண்ணிலேயே பாசி வருகிறது. கூழாங்கல் பாறையாகி அதில் பாசி படரும் காலம்வரை என்று அரசனுக்கு ஆயுள் கேட்கிற பழம்பாட்டு அது.

கியோத்தோவில் சாய்ஹோஜி என்ற கோயில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அழைப்பது கொக்கெதெரா, பாசிக் கோயில். 1339இல் முசோ சொசெக்கி என்ற ஜென் துறவி அங்கே தோட்டம் அமைத்தார். அவர் பாசி நடவில்லை. பிந்திய நூற்றாண்டுகளில் வெள்ளம் வந்தது, பராமரிக்கக் கோயிலிடம் பணமில்லை, மரநிழலில் ஈரம் நின்றது, பாசி தானாக ஏறியது. இன்று அங்கே சுமார் 120 வகை. பார்க்க வந்த கூட்டத்தை அது தாங்காததால் 1977இலிருந்து முன்கூட்டியே அனுமதி பெற்றுத்தான் போகமுடியும். போனாலும் உடனே தோட்டத்துக்குள் விடமாட்டார்கள். முதலில் உட்கார்ந்து தூரிகையால் பௌத்த சூத்திரம் ஒன்றைப் படியெடுக்கவேண்டும். கால் மரத்துப்போய் எழுந்து தள்ளாடி நடக்கிறவன் பாசியை மிதிக்கும் வேகத்தில் இருக்கமாட்டான் என்று கணக்குப் போட்டிருப்பார்களோ என்னவோ. அதே ஊரில் கிங்காக்குஜி என்ற வெள்ளி மண்டபக் கோயிலில் பாசிகளைத் தட்டில் வைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஒன்று 'மிக முக்கியமான பாசி', விஐபி மாதிரி. இன்னொன்று 'கொஞ்சம் இடைஞ்சலான பாசி'. ரேஷன் கடை வரிசையைப்போல இருக்கிறதே என்று சிரித்துவிட்டேன். களை எடுக்கிற தோட்டக்காரர் அந்தச் சீட்டைப் பார்த்துச் சிரித்திருக்கமாட்டார்.

வளர்க்கத் தொடங்கிய பிறகுதான் ஒரே உருண்டையில் இரண்டு உயிர் இருப்பதும், இரண்டுக்கும் வேண்டியது வேறுவேறு என்பதும் உறைத்தது. மொமிஜி வேரால் குடிக்கும். பாசிக்கு வேர் கிடையாது; இருப்பவை வேரிகள், பற்றிக்கொள்ள மட்டும். அதன் இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன். தண்ணீரை இலையாலேயே குடிக்கிறது, இலையாலேயே இழக்கிறது. காற்று உலர்ந்தால் அதுவும் உலர்ந்து சுருண்டு பழுப்பாகிவிடும். செத்துப்போனதென்று முதல் மாதத்தில் எத்தனை முறை பதறியிருப்பேன்! தண்ணீர் தெளித்த கால்மணி நேரத்தில் சுருள் விரிந்து பச்சையாகும். நம் தோட்டத்து ரோஜாவோ மல்லியோ இதில் பாதி உலர்ந்தால்கூடத் திரும்பாது. ஆக, பாசி பழுப்பானால் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் மொமிஜியின் வேர் அழுகும். மொமிஜி வாடினால் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் காலம் கடந்திருக்கும்.

கண்ணை நம்பாதே, கையை நம்பு என்பதுதான் அதற்கு வழி. சட்டி இருந்தால் சட்டியின் எடையும் சேர்ந்து ஏமாற்றும். இங்கே சட்டி இல்லை. தினமும் காலையில் பல் துலக்குமுன் உருண்டையைத் தட்டிலிருந்து தூக்கிப் பார்ப்பேன். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. சமையலறைத் தராசில் வைத்து எண்ணைக் குறித்தேன், மென்பொருள்காரனின் புத்தி. எக்செல்லில் வரைபடம்கூடப் போட்டேன். ஒரு மாதத்தில் தராசு தேவையற்றுப் போனது. விரல்கள் உருண்டைக்குக் கீழே போய் அது மேசையைவிட்டு எழும்பும் அந்தக் கணத்தில், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் முழங்கைக்குத் தெரிந்துவிடும். எதிர்பார்த்ததைவிடச் சட்டென்று எழுந்தால் தாகம். உடனே வாளி. உருண்டை முழுக அமிழ்த்திப் பிடித்தால் குமிழி வரும். முதலில் கொத்தாக, பிறகு ஒவ்வொன்றாக, கடைசியில் எங்கிருந்தோ ஒற்றைக் குமிழி. அது நின்றதும் எடுத்து, லேசாக அழுத்தி வடித்து, தட்டில் வைக்கலாம். தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடவேண்டும். வாரத்துக்கொருமுறை திருப்பி வைக்கவேண்டும். இல்லாவிட்டால் தட்டில் உட்காரும் பக்கம் கறுத்துப்போகும். உரத்தைப் பாசியின் மேலே தூவினால் பாசி கருகும். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் வாளித்தண்ணீரில் நாலு சொட்டுத் திரவ உரம் போதும்.

என் முதல் உருண்டை இப்படியெல்லாம் அறிந்த பிறகும் செத்தது. ஆகஸ்டில் ஓபோன் விடுமுறைக்கு ஐந்து நாள் வெளியூர் போனேன். உலர்ந்துவிடுமோ என்ற பயத்தில் நன்றாக நனைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, வாயைக் கட்டி, சன்னலோரம் வைத்துவிட்டுப் போனேன். திரும்பிவந்து உறையைப் பிரித்தபோது எழுந்த வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. பாசி கூழாகிவிட்டது. மொமிஜியின் இலைகள் வெந்த கீரை நிறத்தில் தொங்கின. சென்செய் ஒரே சொல்லில் நோயைச் சொன்னார்: முரே. ஈரமும் வெப்பமும் காற்றில்லாமல் சேர்ந்து வேகவைப்பது. அகராதியைத் திறக்கவே வேண்டாம், தமிழில் அது புழுக்கம். புழுங்கல் அரிசிக்கு நெல்லை என்ன செய்வோமோ அதை நான் பாசிக்குச் செய்திருக்கிறேன். கோடையில் நடுப்பகலில் தண்ணீர் விடாதே என்பதன் காரணமும் இதுதான். வெயிலில் சூடேறிய ஈரம் பாசியை அவித்துவிடும். விடிகாலை அல்லது அந்தி. பாசிக்கு ஈரம் பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காற்று அதைவிட முக்கியம் என்பது ஒன்றைக் கொன்றவனுக்குத் தெரியும்.

இதனால்தான் பத்திரிகைகளின் உள்ளலங்காரப் பக்கங்களைப் பார்க்கும்போது எரிச்சல் வருகிறது. வெள்ளைச் சுவர், குளிரூட்டிய அறை, உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் ஏழெட்டுப் பச்சை உருண்டைகள். நெதர்லாந்தின் ஃபெடோர் ஃபான் டெர் ஃபால்க் இப்படித் தொங்கும் தோட்டங்களைச் செய்து உலகம் முழுக்க மோகத்தைக் கிளப்பினார். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மொமிஜிக்கு மழையும் வெயிலும் பனிக்காலத் தூக்கமும் வேண்டும். எங்கள் வகுப்புப் பெண்மணிகள் உருண்டையைப் பால்கனியில் நிழலும் காற்றும் படும் மூலையில் வளர்த்து, விருந்தினர் வரும் நாளில் உள்ளே கொண்டுவந்து தட்டில் வைப்பார்கள். இரண்டு நாளில் மறுபடி வெளியே. பட்டுப்புடவையை எடுத்துக் கட்டி மடித்து வைப்பதுபோல.

தொங்கவிடுவது ஜப்பானுக்குத் தெரியாததில்லை. எதோ என்ற பழைய ஆட்சிக்காலத்துத் தோட்டக்காரர்கள் மூங்கிலை வளைத்துச் சட்டம் செய்து, அதில் பாசியைக் கட்டி, அதன்மேல் ஷினோபு என்ற பெரணியின் ரோமம் படர்ந்த கிழங்குத்தண்டைச் சுற்றி, கோடையில் வாடிக்கை வீட்டுக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். அதன் பெயர் சுரிஷினோபு. வீட்டு இறவாரத்தில் தொங்கும், அடியில் கண்ணாடிக் காற்றுமணி ஒன்று கிணுகிணுக்கும். ஷினோபு என்ற ஒலிக்குத் தாங்குவது, பொறுப்பது என்றும் பொருள் உண்டு; மண்ணே இல்லாமல் பிழைக்கிற பெரணிக்குப் பொருத்தமான பெயர். மின்விசிறி வருமுன் கண்ணாலும் காதாலும் குளிர்ச்சி தேடியவர்களின் ஏற்பாடு. அதுவும் வெளியேதான் தொங்கியது, அறைக்குள் இல்லை. நான் குடியிருந்த எதோகாவாவின் பாரம்பரியக் கைத்தொழில்களில் சுரிஷினோபுவும் ஒன்று என்பது எனக்கு ஊரைவிட்டுக் கிளம்பும் ஆண்டில்தான் தெரிந்தது. ஆறு வருடம் அங்கே கறிவேப்பிலைக் கடையை மட்டும் தெரிந்துவைத்திருக்கிறேன்.

இரண்டாவது உருண்டையும் மொமிஜிதான். இதைச் செய்து பதினாறு மாதம் ஆகியிருந்தது. ஒரு அக்டோபர் காலை, வாளியிலிருந்து எடுத்து வடித்தபோது பாசியில் கறுப்பாக ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். அரை விரற்கடை நீளத்தில் அறுந்து வந்தது. இன்னொன்றைத் தேடி நகத்தால் நெம்பினேன். இழை என்று சொல்ல ஒன்றுமில்லை, விரலில் மையைப்போல ஒட்டியது. நூல் போயிருந்தது. உருண்டையைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல உலுக்கினேன். மண் ஒரு துளிகூட உதிரவில்லை. அடிப்பக்கத்தில் பாசியைத் துளைத்துக்கொண்டு வெள்ளையாக நாலைந்து வேர்முனைகள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

அடுத்த வசந்தத்தில் ஊருக்குத் திரும்பவேண்டி வந்தது. மண்ணோடு செடியை விமானத்தில் கொண்டுவர முடியாது. மண்ணைக் கழுவினால் அது கொக்கெடாமா இல்லை, வெறும் கன்று. வகுப்பில் எதிரே உட்கார்ந்திருந்த, அந்த நைலான் நூல் பெண்மணியிடம் கொடுக்கலாம் என்று போனேன். கதவைத் திறந்தார். துளிர்த்த சிவப்பு இலைகளை நான் காட்டுவதற்குள் தட்டிலிருந்த உருண்டையை ஒரு கையால் எடுத்தார். முகத்தை வேறெங்கோ திருப்பிக்கொண்டு, கையை ஒருமுறை ஏற்றி இறக்கினார்.

"இன்றைக்கு இன்னும் கொடுக்கவில்லையா?" என்று கேட்டுவிட்டு, செருப்பைக்கூட எனக்கு எடுத்துவைக்காமல், வாளியைத் தேடி உள்ளே போனார்.